சூரத் சுத்தமான கதை

குஜராத் மாநிலத்தில் தபதி ஆற்றங்கரையில் உள்ளது சூரத் நகரம். அங்கே வைரம் பட்டை தீட்டுகிறார்கள். விசைத்தறியில் துணி நெய்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் சூரத் சேலைகள் அங்கிருந்து வருபவைதான்.

பிழைப்புத் தேடிப் பல மாநிலத்தார் அங்கே போனார்கள். வேலை கிடைத்தது. குடியிருக்க நல்ல இடம் கிடைக்கவில்லை. ஒரே அறையில் பலர் தங்கினார்கள். பகல் வேலைக்காரர் எழுந்து போவார். இரவு வேலைக்காரர் வந்து அதே இடத்தில் படுப்பார். தெருவில் குப்பை மலைபோல் கிடந்தது.

1994 செப்டம்பர் மாதம். தபதியில் வெள்ளம் வந்தது. தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் சேறும், குப்பையும், செத்த கால்நடைகளும் கிடந்தன. சில நாட்களில் மக்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. இருமினால் ரத்தம் வந்தது. நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் அது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். மருத்துவர்கள் சிலரும் ஓடியதுதான் கொடுமை.

குப்பை இருந்தால் எலி வரும். எலியின் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடித்தால் பிளேக் வரும். அது நுரையீரலுக்குப் போய்விட்டால், இருமலில் தெறிக்கும் எச்சில் வழியாக அடுத்தவருக்குத் தொற்றும். நெருக்கமான அறையில் இதற்கு அதிக நேரம் ஆகாது.

பிளேக் எப்போதாவது வருவது. தினம் தினம் வரும் நோய்கள் வேறு. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். மலேரியா வரும். சில தெருக்களில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகும். குழாயில் சிறு விரிசல் இருக்கும். தண்ணீர் வரும்போது ஒன்றும் ஆகாது. தண்ணீர் நின்றதும் குழாய் வெளியே உள்ள சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் அதுவும் சேர்ந்து குடத்தில் விழும். கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். குழந்தைக்குப் பேதியாகும். தாய் என்ன தவறு செய்தாள்? வீட்டைச் சுத்தமாகத்தானே வைத்திருந்தாள்!

1995இல் எஸ். ஆர். ராவ் என்பவர் சூரத் மாநகராட்சி ஆணையராக வந்தார். நகரை ஆறு மண்டலங்களாகப் பிரித்தார். அதிகாரிகள் தினமும் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார். இரவிலும் தெருக்கள் பெருக்கப்பட்டன. குப்பை கொட்டியவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பணக்காரர் ஆக்கிரமித்த இடங்களும் இடிக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளில் தளம் போட்டார்கள். கால்வாய், விளக்கு, கழிப்பறை அமைத்தார்கள்.

மலேரியா குறைந்தது. 1996இல் நாட்டின் தூய்மையான நகரங்களில் சூரத் இரண்டாவது என்று பெயர் வாங்கியது. 2023ஆம் ஆண்டுக்கான தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூருடன் சேர்ந்து முதலிடம் பெற்றது. ஆனாலும் விசைத்தறித் தொழிலாளர்கள் பலர் இன்னும் நெருக்கடியான அறைகளில்தான் தூங்குகிறார்கள்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் எதன் வழியாகப் போகிறது?

மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது? எத்தனை நாள் நிற்கிறது?

அதைச் சரிசெய்ய எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்?