தோலின் இழையும் மருந்தின் கூடும்

வேலூரையடுத்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்ற மாத்திரத்தே தோல் பதனிடுந் தொழில் நம் நினைவில் எழும். பச்சைத்தோல் ஈரத்தில் கிடந்தால் அழுகும். நீரிலிட்டுக் காய்ச்சினால் கரைந்து வச்சிரப்பசையாகும். இவ்விரண்டும் நேராவண்ணம் முன்னோர் ஆவாரம்பட்டைச் சாற்றாலும், பின்வந்தோர் குரோமிய உப்பாலும் அதன் இழைகளைப் பிணித்தனர். அவ்விழை யாதெனில், கொலாஜன் என்னும் புரதமாம்.

அமினோ அமிலங்கள் மணிகள்போற் கோக்கப்பெற்ற சங்கிலியைப் பெப்டைடு என்பர். கொலாஜனில் அத்தகைய சங்கிலிகள் மூன்று இணைந்துள்ளன என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் வெளியிட்டனர். அவை கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுகியுள்ளன என்று 1955-இல் திருத்திக் கூறினர். மூன்றாவது மணிதோறும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமிலம் அமைந்திருப்பதனாலேயே அவை அவ்வாறு நெருங்கி முறுக இடமுண்டாகிறது.

காய்ச்சுங்கால் இம்முறுக்கு அவிழ்கிறது. ஆறுங்கால் சங்கிலிகள் ஆங்காங்கே மீண்டும் பின்னிக்கொண்டு, இடையே நீரைச் சிறைப்படுத்துகின்றன. இதுவே ஜெலாட்டின் கூழ். இவ்வினத்தை ஹைட்ரோஜெல் என வழங்குவர். மருந்தைக் கலந்தால் அதுவும் இவ்வலையிற் சிக்கிச் சிறுகச் சிறுகக் கசியும். ஆனால் நம் உடலின் வெப்பமோ 37 பாகை சென்டிகிரேடு. அதில் இக்கூழ் உருகிவிடும். ஆகவே கூழுக்கும் ஒருவகைப் பதனிடுதல் வேண்டியதாயிற்று! தோல் பதனிடுவோர் கையாளும் குளூட்டரால்டிஹைடையே இங்கும் இட்டனர். பிணிப்பு மிகின் மருந்து வெளிவராது. எஞ்சி நிற்கும் அப்பொருளோ உயிரணுவுக்கு நஞ்சு.

இது கருதியே, பிணிக்கும் பொருள் எதுவுமின்றித் தாமே கூடும் பெப்டைடுகளை அறிஞர் நாடினர். ராடா-16 என்பது 16 அமிலங்களே உடைய குறுஞ்சங்கிலி. உடலின் உப்புநீர் பட்டதும் அது நுண்ணிழைகளாகிக் கூழாகும். அக்கூழில் 100-க்கு 99 பங்கு நீரே.

எனினும், கூழ் மருந்தை உயிரணுவின் வாயில்வரை சேர்க்குமேயன்றி உட்புகுத்தாது. உயிரணுவின் உறை கொழுப்பாலானது. புரதம், மரபணு முதலிய பெரும்பொருள்களை எளிதில் விடாது. ஆதலின் ஆர்ஜினின் மிகுந்த வேறொரு குறும்பெப்டைடைத் துணைசேர்க்கின்றனர். அதனோடு வருவதை உயிரணு ஒரு சிறுபையில் அடைத்து விழுங்குகிறது. பெரும்பகுதியை அப்பையிலேயே செரித்தும் விடுகிறது. இத்துறையின் பெருந்தடை இதுவென்றே நாம் கருதுகிறோம்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2024-இல் வெளியிட்ட ஹீமோபிலியா ஆய்வில், குருதி உறைதற்கு வேண்டிய மரபணுவை ஐவருடைய மூல உயிரணுக்களுள் கொண்டுசென்றது கூழன்று. நோய் விளைக்கும் ஆற்றல் நீக்கப்பெற்ற வைரஸே. உட்புகும் வழி வைரஸுக்கு இயல்பாகவே அமைந்துள்ளது. கூழுக்கோ அதனை இனித்தான் செவ்வையாக அமைத்தல் வேண்டும்.