பிறர் கட்டடத்தைப் பராமரிப்பதும் ஒரு வியாபாரமே

புத்தளம், கல்பிட்டி கரையோரத்தில் நம்மவர்கள் செய்யும் தொழில்களைக் கேட்டால் மீன், கருவாடு, உப்பு, தேங்காய், புடைவைக் கடை, ஹாட்வெயார் என்று பதில் வரும். பிறருடைய கட்டடத்தைச் சுத்தமாகவும் பழுதின்றியும் வைத்திருக்கும் பொறுப்பை ஒப்பந்த அடிப்படையில் ஏற்பதும் ஒரு தொழில் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் நமது இளைஞர்கள் பலர் கட்டார், சவூதி, டுபாய் சென்று இதே வேலையைத்தான் செய்து திரும்புகின்றனர்.

துப்புரவு, குளிரூட்டி, மின்பிறப்பாக்கி, தண்ணீர்த் தாங்கி, குழாய், மின்னிணைப்பு, தோட்டம், நுளம்புக் கட்டுப்பாடு ஆகியவற்றை உரிமையாளர் தானே பார்க்காமல் வெளியாரிடம் ஒப்படைப்பதையே கட்டட வசதி முகாமைத்துவம் என்கிறோம். இத்துறையில் உலகின் மிகப்பெரிய கம்பனிகளுள் ஒன்றான ஐ.எஸ்.எஸ்., 1901 இல் கோபன்ஹேகன் நகரில் 20 இரவுக் காவலாளிகளுடன் ஆரம்பமானது. துப்புரவுத் தொழிலில் அது இறங்கியது 1934 இல்தான். சிறியதாகத் தொடங்குவது இத்தொழிலில் குறையல்ல.

வாய்ப்பு எங்கே?

நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் துப்புரவும் காவலும் தனியார் கம்பனிகளிடமே விடப்பட்டுள்ளன. பெரிய விலைமனுக்களுக்குக் கொழும்புக் கம்பனிகள் போட்டியிடும். நாம் முதலில் பார்க்க வேண்டியவை வங்கிக் கிளைகள், தனியார் மருத்துவ நிலையங்கள், திருமண மண்டபங்கள், கல்பிட்டி, ஆலங்குடா, கந்தக்குழிப் பகுதிகளின் சுற்றுலா விடுதிகள் போன்றவையே.

இக்கரையோரத்தில் உப்புக் காற்று குளிரூட்டியின் வெளிப்பகுதியை விரைவில் அரித்துவிடும். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையால் குழாய்களிலும் சுடுநீர்க் கருவிகளிலும் படிவு சேரும். எனவே இங்கு பராமரிப்பு அடிக்கடி தேவைப்படுகிறது. 130 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை விடுதிக்காரரால் காத்திருக்க முடியாது. அருகில் இருப்பதே நமது மூலதனம். எனினும் காற்றில் பட்டமேறி அலைச்சறுக்கும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் மே முதல் ஒக்டோபர் வரையும், டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரையுமே வருகின்றனர். விடுதிகளை மட்டும் நம்பினால் இடைப்பட்ட மாதங்களில் வருமானம் குறையும்.

கணக்கில்தான் வெற்றியும் தோல்வியும்

இத்தொழிலில் செலவின் பெரும்பகுதி சம்பளமே. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 10,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் தொழில் தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். ஆக, ஒரு தொழிலாளிக்கு ஆகக் குறைந்தது 34,500 ரூபா செலவாகும்.

ஒரு கட்டடத்தில் வாரத்தின் ஏழு நாளும் 10 பேர் வேலை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆறு நாள்தான் வேலை செய்வார். ஆகவே 70 நாள் வேலைக்கு 12 பேர் தேவை. மாதச் செலவு 3,45,000 அல்ல, 4,14,000 ரூபா. 10 பேருக்குக் கணக்குப் போட்டு விலை கொடுத்தவர் மாதம் 69,000 ரூபாவை முதல் நாளிலேயே இழந்துவிட்டார். துப்புரவுப் பொருட்கள், சீருடை, மேற்பார்வை, போக்குவரத்து, இலாபம் எல்லாம் இதற்கு மேல்தான். 15 பேர் அல்லது அதற்கு அதிகமானோரை வைத்திருந்தால், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் சேரும்.

அடுத்தது கைமுதல். மாத முடிவில் நாம் பட்டியலைக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர் அறுபது நாள் கழித்தே பணம் தருகிறார் என்றால், முதல் மாதப் பணம் கைக்கு வருமுன் குறைந்தது இரண்டு மாதச் செலவான 8,28,000 ரூபாவை நாம் கொடுத்து முடித்திருப்போம். அது இல்லாமல் இறங்குபவர் வட்டிக் கடனின் வாசலுக்கே போக நேரிடும்.

சிலர் இங்கேதான் குறுக்கு வழி தேடுகின்றனர். சேமலாப நிதியை விட்டுவிட்டு விலையைக் குறைத்து ஒப்பந்தத்தைப் பிடிக்கின்றனர். தொழில் திணைக்களத்திற்கு ஒரு முறைப்பாடு போனால் நிலுவையுடன் மேலதிகக் கட்டணமும் சேர்ந்து வரும். அதை விடப் பெரிது, தொழிலாளியின் உரிமை ஓர் அமானிதம் என்பது. கூலியைத் தாமதியாது கொடுப்பது பற்றிய நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஏழைத் தொழிலாளியின் பங்கை எடுத்துக் காட்டும் மலிவு விலை, வியாபாரத் திறமையாகாது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

1. எந்த இடம், நாளைக்கு எத்தனை முறை என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

2. துப்புரவுப் பொருளும் உதிரிப்பாகமும் யார் பொறுப்பு என்பதைக் குறிப்பிடுங்கள்.

3. பணம் தரவேண்டிய திகதி இருக்கட்டும். முப்பது நாளுக்குள் பெற முயலுங்கள்.

4. அரசாங்கம் சம்பளத்தை உயர்த்தினால் ஒப்பந்த விலையும் உயரும் என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும். 27,000 ரூபா 30,000 ஆனபோது, மேற்சொன்ன 12 பேருக்கு மாதம் 41,400 ரூபா செலவு கூடியிருக்கும்.

5. காவல் சேவையை அவசரப்பட்டு ஏற்காதீர்கள். அதற்கு 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சின் உரிமம் தேவை.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, வளைகுடாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒரு குளிரூட்டித் தொழில்நுட்பவியலாளரையும் ஒரு மேற்பார்வையாளரையும் சேர்த்து, ஒரே ஒரு கட்டடத்துடன் தொடங்கலாம். அதை ஒரு வருடம் ஒழுங்காகச் செய்து காட்டினால் அடுத்த கட்டடத்தின் கதவு தானாகத் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.