வாங்கிய அன்றே கவனிக்க வேண்டிய பழம்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைப் பழக்கடைகளில் ஸ்ட்ராபெரி டப்பாக்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நாட்டின் ஸ்ட்ராபெரி விளைச்சலில் பெரும்பங்கு மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப் பகுதியில் இருந்துதான் வருகிறது. 2010இல் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் இந்தப் பழம் விளைகிறது. எங்கிருந்து வந்தால் என்ன, வாங்கிப் போனவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "நேத்துதான் வாங்கினேன், இன்னைக்குப் பூஞ்சை பிடிச்சிடுச்சு."

அந்தப் பூஞ்சை வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. பழத்தைச் சாம்பல் நிறத்தில் மூடும் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை, பெரும்பாலும் தோட்டத்தில் செடி பூக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுகிறது. காய் பழுத்து, சர்க்கரை ஏறி, சதை இளகும்வரை அடங்கிக் கிடக்கிறது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் கிளம்பிவிடுகிறது; ஒரு பழத்தில் கிளம்பினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழங்களுக்கும் பரவுகிறது. ஸ்ட்ராபெரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். ஆரஞ்சுக்கும் வாழைக்கும் இருப்பதுபோல் தடித்த தோலும் இல்லை. அதனால் விரல் பட்டு அழுந்திய இடமே பூஞ்சைக்கு வாசலாகிவிடும்.

ஆக, பாதுகாப்பு கடையிலேயே தொடங்குகிறது. டப்பாவைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடியில் போட்டிருக்கும் தாள் சிவப்பாக ஊறியிருந்தால் உள்ளே ஏதோ ஒரு பழம் நசுங்கியிருக்கிறது என்று பொருள். மேலே தெரியும் பழங்கள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த டப்பா வேண்டாம். காம்போடு ஒட்டிய இலைகள் பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். காம்புப் பக்கம் வெள்ளையாக இருக்கும் பழத்தை "ரெண்டு நாள் வச்சா பழுத்துடும்" என்று வாங்குவதில் பயனில்லை. மாம்பழம்போல் ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுப்பதில்லை. நிறம் கொஞ்சம் கூடலாம்; இனிப்பு கூடாது. காத்திருப்பதால் லாபம் இல்லாத பழம் இது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தோன்றுவது, கழுவி வைத்துவிடலாம் என்பது. அதைத்தான் தவிர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்ட்ராபெரி வந்த அன்று டப்பாவை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவதில்லை. ஒரு தட்டில் மெதுவாகக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம். அழுந்திக் கருத்த பழங்கள் அன்றைக்கே ஜூஸுக்குப் போய்விடும். பஞ்சுபோல் ஏதாவது தெரிந்தால் அந்தப் பழம் குப்பைக்கு. நல்லவை மட்டும் காம்பு கிள்ளாமல், ஒரு அகலமான டப்பாவில் டிஷ்யூ பேப்பரோ உலர்ந்த பருத்தித் துணியோ விரித்து, ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே அடுக்காக உட்காரும். மூடியை லேசாகத் திறந்தே வைப்போம். இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து, மூடியிலிருந்து சொட்டும் நீர் பழத்தின் மேலேயே விழும். பேப்பர் ஈரமானால் உடனே மாற்றிவிட வேண்டும்.

ஸ்ட்ராபெரிக்கு உகந்த வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் ஒரு வாரம்வரை தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் இயங்குவதால் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. கதவுத் தட்டில் வைத்தால் இன்னும் குறையும். உள்பக்கத் தட்டுதான் சரி, ஆனால் பனி படியும் பின்சுவரில் பழம் ஒட்டக் கூடாது.

முன்கூட்டியே கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு வினிகர் கைகொடுக்கும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர். சில நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் வினிகர் வாடை தங்காது. பிறகு துணியில் பரப்பி, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல் உலர்த்த வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் வினிகர் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அமெரிக்க உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெகீ 2009இல் நியூயார்க் டைம்ஸில் இன்னொரு வழியை எழுதினார்: சுமார் 52 டிகிரி வெந்நீரில் 30 விநாடி முக்கி எடுத்து உலர்த்துவது. அந்தச் சூடு பழத்தை வேகவைக்காமல் பூஞ்சையை அடக்குகிறது. வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்தால் பழம் குழைந்துவிடும்.

நிறைய வாங்கிவிட்டால் ஃபிரீசர்தான் வழி. கழுவி, உலர்த்தி, காம்பை நீக்கி, தட்டில் தனித்தனியாகப் பரப்பிக் கல்லாக உறைய விட வேண்டும். அதன் பிறகு ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் மாதக் கணக்கில் இருக்கும். உறையும்போது உள்ளே உருவாகும் பனித்துகள்கள் பழத்தின் திசுவைக் கிழித்துவிடுவதால் வெளியே எடுத்ததும் தொளதொளத்துவிடும். மில்க் ஷேக்குக்கும் ஜாமுக்கும் அது குறையே அல்ல. ஜாம் கிண்டும்போது எலுமிச்சைச் சாறு சேர்க்க மறக்கக் கூடாது; ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு, புளிப்பு சேர்ந்தால்தான் பதம் இறுகும்.

சாப்பிடும் நேரம் வந்ததும் காம்போடு கழுவி, அதன் பிறகே காம்பைக் கிள்ள வேண்டும். முதலிலேயே கிள்ளினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் இறங்கி ருசி நீர்த்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் மணமும் நன்றாக எழும்.

பூஞ்சை கண்ட பழத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். மென்மையான பழத்தில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுப் பழத்தையும் தூக்கி எறிவதே பாதுகாப்பு. விலை மலிவாக இருக்கிறதே என்று நான்கு டப்பா வாங்காமல், இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.