108 அழைப்பு மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வண்டி போய்ச் சேரும்வரை நோயாளிக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி உங்கள் குரல்தான். அந்தப் பொறுப்போடு ஹெட்போனை மாட்டுங்கள்.

1. முதலில் இடத்தைக் கேளுங்கள், என்ன நடந்தது என்பதைப் பிறகு. இடம் தெரிந்துவிட்டால் லைன் கட்டானாலும் வண்டியை அனுப்பிவிடலாம். மலைப்பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பக்கத்தில் இருப்பவர் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

2. ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். புதூரும் புதுப்பட்டியும் நல்லூரும் பல மாவட்டங்களில் உண்டு. மாவட்டம், தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர் மூன்றையும் கேட்டு, திருப்பிச் சொல்லி, "சரிதானேம்மா?" என்று உறுதி செய்யுங்கள். டவர் காட்டும் இடம் தோராயமானது. ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல், இவற்றைக் கேட்டால் டிரைவர் தடுமாற மாட்டார்.

3. அழுகிறவரை அதட்டாதீர்கள். அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பதற்றம் தானே குறையும். வண்டி கிளம்பும் முன் கிளம்பிவிட்டதாகச் சொல்லவே கூடாது.

4. "பேச்சு மூச்சு இல்லைங்க" என்பார்கள். தட்டிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எப்போதோ ஒருமுறை வாயைத் திறந்து இழுப்பது சுவாசம் ஆகாது. இதயம் நின்றவருக்கும் அப்படி இழுக்கும்.

5. உணர்வும் சீரான மூச்சும் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லுங்கள்; இரண்டு கையும் வேண்டும். நோயாளியைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நடுநெஞ்சில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் மற்றொன்று, முழங்கை மடங்காமல், பெரியவர் என்றால் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நீங்களும் கூடவே எண்ணுங்கள். ஆள் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாறட்டும்.

6. தவறான வைத்தியத்தைத் தடுப்பதும் உங்கள் வேலை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைக்கட்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை கால் அசையாமல் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மையத்திலுள்ள மருத்துவரை உடனே லைனில் சேருங்கள்.

7. பேசாத அழைப்பை விளையாட்டு என்று வைத்துவிடாதீர்கள். பேச முடியாதவராகவும் இருக்கலாம். சற்றுக் கவனித்துக் கேளுங்கள், திரும்ப அழையுங்கள்.

8. சில அழைப்புகள் மனதை அறுக்கும். உடன் வேலை பார்ப்பவரிடம் பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு அடுத்த அழைப்பை எடுங்கள். முந்தைய வீட்டின் துயரம் இந்த வீட்டுக்குப் பேசும் குரலில் தெரியக்கூடாது. இவர்களுக்கும் நீங்கள் முழுமையாக வேண்டும்.