மறக்காமல் மன்னித்த நகரங்கள்

வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த இரண்டு நகரங்கள் உடன்பாடு செய்துகொண்டு நட்புப் பாராட்டும் வழக்கம் உலகில் உண்டு. அவற்றை ‘இரட்டை நகரங்கள்’ என்பர். கலை, கல்வி, விளையாட்டு முதலிய துறைகளில் இரு நகர மக்களும் ஒருவரையொருவர் அறிந்து பழகுவதே அந்த உறவின் நோக்கமாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவ்வழக்கம் ஐரோப்பாவில் வேகமாகப் பரவியது. அவ்வாறு இணைந்த நகரங்களுள் இங்கிலாந்தின் கோவென்ட்ரியும் ஜெர்மனியின் டிரெஸ்டனும் தனிச்சிறப்புடையவை. போர்க்காலத்தில் இவை பகை நாடுகளின் நகரங்களாக இருந்தன. ஒவ்வொன்றும் மற்ற நாட்டின் விமானங்களால் அழிவைச் சந்தித்தது.

கோவென்ட்ரி ஒரு தொழில் நகரம். அங்கு மிதிவண்டி, கார், விமான இயந்திரம் ஆகியவற்றை உருவாக்கும் ஆலைகள் நிறைந்திருந்தன. 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இரவு, ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மீது விடியும்வரை குண்டுமழை பொழிந்தன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் நாசமாயின. நகரின் நடுவே இருந்த பழம்பெரும் புனித மைக்கேல் பேராலயம் தீக்கிரையாகி, வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டுமே எஞ்சின.

மறுநாள் காலையில் பேராலயம் இருந்த இடத்தில் சாம்பலும் கற்குவியலுமே கிடந்தன. எரிந்து விழுந்த கூரையின் பழைய ஆணிகள் அவற்றிடையே சிதறிக் கிடந்தன. அவற்றுள் மூன்றை எடுத்து இணைத்துச் சிறு சிலுவை ஒன்றைச் செய்தனர். அதுவே பின்னர் ‘ஆணிச் சிலுவை’ என்று புகழ்பெற்றது. பேராலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவார்ட், பழிக்குப் பழி வாங்கும் எண்ணத்தை மக்கள் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தினார். இடிந்த சுவரில் மன்னிப்பை வேண்டும் சொற்களைப் பொறிக்கச் செய்தார். அதில் ‘அவர்களை’ என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. குற்றம் ஒரு தரப்பாருக்கு மட்டும் உரியதன்று, மன்னிப்பு எல்லாருக்கும் தேவை என்பதே அவருடைய கருத்து. உற்றாரைப் பறிகொடுத்தவர்களுக்கு இதனை ஏற்பது எளிதாக இருந்திருக்காது.

போர் மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் இரவு முதல், பிரிட்டிஷ் விமானங்களும் அமெரிக்க விமானங்களும் டிரெஸ்டன் நகரைத் தாக்கின. எல்ப ஆற்றங்கரையில் கலைக்கும் கட்டடங்களுக்கும் பெயர்பெற்றிருந்த அந்நகரின் மையப்பகுதி முற்றாக எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். நகரின் அடையாளமாக விளங்கிய ஃபிராவன்கிர்க்கே தேவாலயம், இரண்டு நாள் கழித்து வெப்பத்தைத் தாங்க முடியாமல் இடிந்து விழுந்தது.

1959ஆம் ஆண்டில் இவ்விரு நகரங்களும் இரட்டை நகரங்களாக இணைந்தன. அப்போது டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அந்நாட்டைப் பிரிட்டன் 1973ஆம் ஆண்டில்தான் அங்கீகரித்தது. அரசுகள் கைகுலுக்குவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே இரு நகரங்களும் கைகோத்துவிட்டன.

இத்தகைய நட்புறவுக்குச் செயலால் உயிரூட்டியவர்கள் இளைஞர்கள். 1961ஆம் ஆண்டில் ஜெர்மானிய இளைஞர்கள் 16 பேர் கோவென்ட்ரிக்கு வந்தனர். தங்கள் நாட்டு விமானங்கள் அழித்த பேராலயத்தின் இடிபாடுகளில் ஒரு பகுதியைச் சீரமைத்து, பல நாட்டவரும் கூடிப் பேசுவதற்கான மையமாக மாற்றினர். 1965ஆம் ஆண்டில் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர் குழு ஒன்று டிரெஸ்டனுக்குச் சென்றது. குண்டுவீச்சில் சிதைந்த ஒரு மருத்துவமனையை மீண்டும் எழுப்பும் பணியில் அக்குழுவினர் பல மாதங்கள் உழைத்தனர். தாங்கள் பிறக்கும் முன்னரோ குழந்தைப் பருவத்திலோ நடந்த அழிவுக்கு அவர்கள் பொறுப்பானவர்கள் அல்லர். ஆயினும், இடிந்ததைக் கட்டும் பொறுப்பைத் தாமே முன்வந்து ஏற்றனர்.

இசையும் பிளவுபட்ட உள்ளங்களை இணைக்க உதவியது. இடிபாடுகளுக்கு அருகிலேயே எழுப்பப்பட்ட புதிய பேராலயம் 1962ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அப்போது, பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசையமைப்பாளர் போரில் மாண்டோருக்காக இயற்றிய இசைப்படைப்பு அங்கு முதன்முறையாக அரங்கேறியது. பகை நாட்டவராக இருந்த ஆங்கிலேயப் பாடகர் ஒருவரும் ஜெர்மானியப் பாடகர் ஒருவரும் ஒரே மேடையில் நின்று பாடினர்.

டிரெஸ்டன் தேவாலயம் பல்லாண்டுகள் கற்குவியலாகவே கிடந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு அதனை மீண்டும் கட்டும் பணி தொடங்கி, 2005ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. அதன் குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் பொற்சிலுவை பிரிட்டிஷ் மக்களின் அன்பளிப்பாகும். அதனை லண்டனில் செய்த பொற்கொல்லரின் தந்தை, டிரெஸ்டன்மீது குண்டு வீசச் சென்ற விமானிகளுள் ஒருவர். தந்தையின் விமானம் பறந்த அதே வானத்தின்கீழ் மகனின் கைவண்ணம் இன்று ஒளிர்கிறது. கோவென்ட்ரியின் ஆணிச் சிலுவை ஒன்றும் அத்தேவாலயத்தில் இடம்பெற்றுள்ளது.

இரு நகரங்களும் தங்கள் தழும்புகளை மறைக்கவில்லை. கோவென்ட்ரியில் எரிந்த பழைய பேராலயத்தின் சுவர்கள் அப்படியே நிற்கின்றன. டிரெஸ்டனில் புதிய வெண்ணிறக் கற்களுக்கிடையே, இடிபாடுகளிலிருந்து எடுத்த கரிய கற்களையும் வைத்துக் கட்டியுள்ளனர். மன்னிப்பதற்காக நடந்ததை மறந்துவிட வேண்டும் என்பதில்லை. நடந்ததை நினைவில் வைத்து, அது மீண்டும் நிகழாதபடி உழைப்பதே உண்மையான மன்னிப்பு. கரிய கல்லும் வெண்கல்லும் சேர்ந்தே அந்தச் சுவரைத் தாங்குகின்றன.