காசநோய்: நாம் மறக்கக் கூடாத மூன்று கணக்குகள்

விதைப்பிற்கும் அறுவடைக்கும் நாட்கணக்கு உண்டு என்பதை நாம் அறிவோம். காசநோய்க்கும் கணக்குகள் உண்டு. சயரோகம் என்று எம் முன்னோர் அஞ்சிய இந்நோய் ஒரு கிருமியால் வருவது என்பதை 1882இல் ஜேர்மன் மருத்துவர் றொபேட் கொக் எடுத்துக்காட்டினார். ஆகவே இது சாபமுமல்ல, பழிக்க வேண்டிய குற்றமுமல்ல.

முதற் கணக்கு: இரண்டு கிழமை

மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திற்கு வருவோரை விசாரித்தால் பலருடைய கதையும் ஒன்றாகவே இருக்கிறது. முதலில் இருமல். தூசியினால் என்றும் பீடியினால் என்றும் தள்ளிப்போடுகின்றனர். கொத்தமல்லி அவித்துக் குடிக்கின்றனர். கடையில் பாணி மருந்து வாங்குகின்றனர். பின்பு அந்தியிலே மெல்லிய காய்ச்சல், இரவிலே வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு. சளியில் இரத்தம் கண்ட பிறகே பலர் பயந்து வருகின்றனர்.

எல்லோருக்கும் இரத்தம் வருவதில்லை. அதற்காகக் காத்திருப்பது பிழை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிப்பிக்க வேண்டும். அரசாங்க நிலையங்களில் இது இலவசம்.

சிலருக்கு இருமலே இராது. கழுத்தில் நோவில்லாத கட்டியாகவோ, ஆறாத முதுகு நோவாகவோ நோய் வெளிப்படலாம். சிறு பிள்ளைகளில் நிறை கூடாமை ஓர் அறிகுறி.

இரண்டாம் கணக்கு: இரண்டு மாதம்

வழமையான சிகிச்சையின் முதல் இரண்டு மாதமும் நான்கு வகை மருந்துகள் தரப்படும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், ஓயாமல் வாந்தி எடுத்தால், பார்வை மங்கினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாம் கணக்கு: ஆறு மாதம்

சில கிழமைகளிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். 'சுகம் வந்துவிட்டது' என்று பலர் குளிசையை நிறுத்துவது இங்கேதான். மூன்றரை மாத நெல்லை இரண்டு மாதத்தில் யாராவது அறுப்பதுண்டா? எஞ்சிய நான்கு மாதமும் இரண்டு வகை மருந்துகளை விடாது எடுக்க வேண்டும். இடையில் விட்டால் மறைந்திருக்கும் கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமிகளாகவும் மாறலாம்.

இடம்பெயரும் குடும்பங்களுக்கு ஆபத்து இங்கேதான் அதிகம். ஊர் மாற நேர்ந்தால் முன்கூட்டியே நிலையத்திற்கு அறிவித்து, சிகிச்சை அட்டையையும் கடிதத்தையும் பெற்றுக்கொள்வோம். அவசரத்தில் புறப்பட்டால், குடும்ப அட்டையோடு அந்த அட்டையையும் குளிசைகளையும் எடுப்போம். போன இடத்தில் தாமதமின்றி மார்புநோய் நிலையத்தைத் தேடுவோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்நோய் காற்றினால் பரவுகிறது. கோப்பையாலோ பாயாலோ அல்ல. நோயாளியின் சாப்பாட்டைப் பிரித்து வைத்து மனதை நோகச் செய்ய வேண்டாம். கொட்டிலில் காற்றும் வெளிச்சமும் புகட்டும். இருமும்போது துணியால் வாயை மூடட்டும். வீட்டார் எல்லோரும், குறிப்பாகப் பிள்ளைகள், பரிசோதிக்கப்பட வேண்டும்.

கலந்துரையாட:

1. எமது அயலில் இரண்டு கிழமைக்கு மேல் இருமுபவர் யார்? அவரோடு நிலையத்திற்குத் துணை போவது யார்?

2. ஒரு தகப்பன் ஆறு மாதம் சிகிச்சை பெறும்போது கூலி வேலை தடைப்பட்டால், அக்குடும்பத்திற்கு நாம் என்ன செய்யலாம்?