நாற்காலியும் நல்லாட்சியும்: ஆசியான் – மியன்மார் உறவு தரும் பாடம்

ஆசியான் எப்போது தோன்றியது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் விடை சொல்லிவிடுவோம். 1967 ஆகஸ்டு 8, பாங்காக். எஸ்.பி.எம். வரலாற்றுத் தேர்வுக்காக மனனம் செய்தது அவ்வளவு எளிதில் மறக்காது. பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரையும் அடுக்குவோம்: இந்தோனேசியாவின் ஆதாம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்சின் நார்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தானாட் கோமான், சிங்கப்பூரின் எஸ். இராஜரத்தினம். இவர்களுள் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த தமிழர் என்பது நமக்குக் கூடுதல் பெருமை.

ஆனால், தேர்வுத்தாளில் வராத ஒரு கேள்வி உண்டு. இந்தக் கூட்டமைப்பின் உறுப்பு நாடு ஒன்று தன் சொந்த மக்களையே நசுக்கினால் மற்ற நாடுகள் என்ன செய்யலாம்? என்ன செய்திருக்கின்றன? இக்கேள்விக்கு மியன்மாரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. இரண்டு முறை அந்நாட்டுக்கு ஆசியான் தலைமைப் பொறுப்பு வர வேண்டியிருந்தது. இரண்டு முறையும் வரவில்லை. ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலி எதற்காகப் போடப்பட்டது?

ஆசியானின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, பிறநாட்டு உள்விவகாரங்களில் தலையிடாமை. இன்று இக்கொள்கையைப் பலர் குறை கூறுகின்றனர். அது பிறந்த சூழலையும் நாம் பார்க்க வேண்டும். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து ‘கொன்ஃப்ரொந்தாசி’ நடத்தியது. பிலிப்பைன்ஸ் சபாவின் மீது உரிமை கோரியது. 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்த்துக் கொண்டிருந்த ஐந்து நாடுகள் ஒரே மேசையில் அமர வேண்டுமானால், ‘உன் வீட்டுக்குள் நான் வரமாட்டேன், என் வீட்டுக்குள் நீ வராதே’ என்ற உறுதிமொழி தேவைப்பட்டது. 1976-இல் பாலியில் கையெழுத்தான நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கை இதை எழுத்தில் உறுதி செய்தது.

முடிவெடுக்கும் முறையும் இதற்கேற்பவே அமைந்தது. வாக்கெடுப்பு கிடையாது. நாம் மலாய் மொழியில் படித்த ‘முஷாவரா’, ‘முவாபாக்காட்’ என்ற இரண்டு சொற்கள்தாம் வழி. அதாவது, கலந்து பேசி அனைவரும் ஒருமித்த முடிவுக்கு வருவது.

இந்த வேலி நன்மை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தொடக்க உறுப்பு நாடுகளுக்கிடையே அதன்பின் போர் மூளவில்லை. ஆயினும் அதே வேலி ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்தது. 1972-இல் மார்க்கோஸ் பிலிப்பைன்சில் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோதும், இந்தோனேசியாவில் சுகார்த்தோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டபோதும் அண்டை நாடுகள் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை. நம் தோட்டப்புற லயங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் காதில் விழும். ஆனாலும் ‘அது அவங்க குடும்ப விஷயம்’ என்று சொல்லிவிட்டால் தூங்கிவிடலாம்.

மியன்மார் உள்ளே வந்த கதை

அன்று பர்மா என்று அழைக்கப்பட்ட அந்த நாடு தமிழருக்குப் புதிதன்று. இரங்கூன் துறைமுகத்திலும் ஐராவதி வயல்வெளிகளிலும் நம்மவர் உழைத்தனர். செட்டியார்கள் கடன் கொடுத்து வணிகம் செய்தனர். 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினர். சென்னையின் ‘பர்மா பஜார்’ அந்த அகதிகள் போட்ட கடைகளால் வந்த பெயரே. அன்று கேள்வி கேட்க ஆசியான் என்ற அமைப்பே இல்லை.

1988-இல் மாணவர்கள் முன்னின்ற மக்கள் எழுச்சியை இராணுவம் துப்பாக்கியால் அடக்கியது. 1990 தேர்தலில் ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயகக் கழகம் 485 இடங்களில் 392 இடங்களை வென்றது. ஆட்சி கைமாறவில்லை. சூகி வீட்டுக்காவலில் இருந்தார். 1991-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இத்தகைய நாட்டை, மேற்கு நாடுகளின் எதிர்ப்பையும் மீறி, 1997 ஜூலை 23-இல் ஆசியான் சேர்த்துக் கொண்டது. ‘ஒதுக்கி வைப்பதைவிட உள்ளே வைத்துப் பேசினால் மாறும்’ என்பது சொல்லப்பட்ட காரணம். ஒதுக்கினால் அந்நாடு முழுக்கச் சீனாவின் பக்கம் சாய்ந்துவிடும் என்ற அச்சமும் இருந்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். அதே ஜூலையில் கம்போடியாவும் சேர வேண்டியிருந்தது. ஆனால் ஹுன் சென் தம் கூட்டணிப் பிரதமரான இளவரசர் ரணரித்தைப் படை பலத்தால் வெளியேற்றியதால், ஆசியான் அந்நாட்டைக் காத்திருக்கச் சொன்னது. கம்போடியா 1999-இல்தான் சேர்ந்தது. வாசலில் நிற்பவரிடம் நிபந்தனை பேசலாம். உள்ளே வந்து அமர்ந்தவரிடம் பேசுவது கடினம். ஆசியானுக்கு இந்த வேறுபாடு பின்னர்தான் புரிந்தது. 1998-இல் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் சுரின் பிட்சுவான் ‘நெகிழ்வான ஈடுபாடு’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு நாட்டின் உள்விவகாரம் அண்டை நாட்டைப் பாதித்தால் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றார். பிலிப்பைன்ஸ் மட்டுமே துணை நின்றது. கருத்து கைவிடப்பட்டது.

2005: முதல் நாற்காலி

2003 மே 30-இல் டெபாயின் என்னும் இடத்தில் சூகியின் வாகன அணி தாக்கப்பட்டது, பலர் மாண்டனர், அவர் மீண்டும் சிறை வைக்கப்பட்டார். அவரை விடுவிக்க மியன்மார் மறுத்தால் இறுதி வழியாக அந்நாட்டை ஆசியானிலிருந்து விலக்க நேரிடலாம் என்று அதே ஆண்டு மலேசியப் பிரதமர் மகாதீர் சொன்னார். 1997-இல் மியன்மாரை உள்ளே அழைத்து வந்தவர்களுள் முதன்மையானவரே இப்படிச் சொன்னது குறிப்பிடத்தக்கது. அடுத்த மாதமே மியன்மார் ‘ஜனநாயகத்திற்கான ஏழு படிகள்’ என்ற திட்டத்தை அறிவித்தது. கால வரையறை எதுவும் அதில் இல்லை.

இந்நிலையில்தான் சுழல்முறைத் தலைமை சிக்கலாக உருவெடுத்தது. ஆங்கில அகர வரிசைப்படி லாவோசுக்குப் பின் மலேசியா, அதன்பின் 2006-இல் மியன்மார். தலைமை என்பது வெறும் பட்டம் அன்று. உச்சநிலை மாநாட்டை நடத்துவதும், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், சீனா, இந்தியா போன்ற உரையாடல் பங்காளிகளைத் தம் மண்ணில் வரவேற்பதும் தலைமை நாட்டின் கடமை. மியன்மார் தலைமையேற்றால் கூட்டங்களுக்கு வரமாட்டோம் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உணர்த்தின. இப்போது அடுத்த வீட்டு விஷயம் பொதுக்கூடத்திற்கு வந்துவிட்டது.

அரசாங்கங்கள் தயங்கிய வேளையில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுத்தனர். 2004 நவம்பரில் கோலாலம்பூரில் மியன்மார் குறித்த ஆசியான் நாடாளுமன்றக் குழு அமைந்தது. மலேசியாவின் சாயிட் இப்ராஹிம் அதற்குத் தலைமை தாங்கினார். மூடிய அறைகளில் அமைச்சர்கள் பேசினர். இறுதியில் 2005 ஜூலை 26-இல் வியந்தியானில், தேசிய நல்லிணக்கத்திலும் ஜனநாயக முயற்சியிலும் கவனம் செலுத்த விரும்புவதால் 2006-ஆம் ஆண்டுத் தலைமையை ஏற்கவில்லை என மியன்மார் தானே அறிவித்தது. மற்ற அமைச்சர்கள் அதற்கு நன்றி தெரிவித்தனர்! ஆயத்தமாகும்போது தலைமையை ஏற்கலாம் என்றும் சொல்லி வைத்தனர். யாரும் தலையிடவில்லை, யாரும் விலக்கவில்லை, ஆனால் நாற்காலி நகர்ந்துவிட்டது. ஆசியான் பாணி அழுத்தம் என்பது இதுதான்.

நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்ததா?

இல்லை. 2006 மார்ச்சில் மலேசிய வெளியுறவு அமைச்சர் சைட் ஹமிட் அல்பார் ஆசியான் சார்பில் மியன்மார் சென்றார். சூகியைச் சந்திக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2007 செப்டம்பரில் புத்த பிக்குகள் முன்னின்ற போராட்டம் நசுக்கப்பட்டபோது, சிங்கப்பூர் தலைமையில் ஆசியான் அமைச்சர்கள் என்றுமில்லாத கடுஞ்சொற்களில் வெறுப்பை வெளியிட்டனர். ஆனால் அதே நவம்பரில் சிங்கப்பூர் மாநாட்டில் ஐ.நா. தூதர் இப்ராஹிம் கம்பாரி விளக்கமளிக்க இருந்ததை மியன்மார் எதிர்த்தது. அந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அம்மாநாட்டில் கையெழுத்தான ஆசியான் சாசனம், ஜனநாயகத்தையும் மனித உரிமையையும் கொள்கைகளாக ஏற்றது. தலையிடாமையையும் அதே விதியில் வைத்தது. இரண்டும் மோதினால் எது வெல்லும் என்று மட்டும் சொல்லவில்லை.

சூகி 2010 நவம்பரில்தான் விடுதலையானார். 2011-இல் தெய்ன் செய்ன் தலைமையில் சீர்திருத்தங்கள் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில், 2014-ஆம் ஆண்டுத் தலைமையை மியன்மாருக்கு வழங்க ஆசியான் இசைந்தது. முன்பு தண்டனையாக மறுக்கப்பட்ட நாற்காலி இப்போது பரிசாகக் கொடுக்கப்பட்டது. 2015 தேர்தலில் சூகியின் கட்சி வென்றது. எனினும் நாடாளுமன்றத்தில் கால்பங்கு இடங்கள் இராணுவத்திடமே இருந்தன. 2017-இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் வங்காளதேசத்திற்கு விரட்டப்பட்டபோது தேர்தலில் வென்ற அரசே இராணுவத்தின் பக்கம் நின்றது. தேர்தல் நடந்துவிட்டால் சீர்திருத்தம் முடிந்தது என்று எண்ணியவர்களுக்கு இது கசப்பான பாடம்.

2021-க்குப் பின்: இரண்டாம் நாற்காலி

2021 பிப்ரவரி 1-இல் ஜெனரல் மின் ஆங் லாயிங் ஆட்சியைக் கைப்பற்றினார். ஏப்ரல் 24-இல் ஜக்கார்த்தாவில் அவரையும் அமர வைத்து ஆசியான் ‘ஐந்து அம்ச உடன்பாடு’ கண்டது: வன்முறை நிறுத்தம், அனைத்துத் தரப்பினரிடையே பேச்சு, சிறப்புத் தூதர், மனிதநேய உதவி, தூதர் எல்லாத் தரப்பையும் சந்தித்தல். உடன்பட்டவர் நாடு திரும்பிய பின் அதைச் செயல்படுத்தவில்லை. ஆகவே அக்டோபரில் நடந்த உச்சநிலை மாநாட்டுக்கு அவரை அழைக்காமல், அரசியல் சார்பற்ற பிரதிநிதியை மட்டும் ஆசியான் அழைத்தது. 2023 செப்டம்பரில், 2026-இல் மியன்மாருக்கு வரவேண்டிய தலைமையைப் பிலிப்பைன்சுக்கு அளிப்பதாக முடிவானது.

2005-ஐவிட இது ஒரு படி மேல். அன்று மியன்மார் ‘தானே’ விட்டுக்கொடுத்தது. இம்முறை ஆசியான் தலைவர்களே முடிவெடுத்தனர். ஆனால் பலன்? 2022 ஜூலையில், அப்போதைய ஆசியான் தலைவர் ஹுன் சென் வேண்டிக் கேட்டும், நான்கு ஜனநாயகப் போராளிகள் தூக்கிலிடப்பட்டனர். அழுத்தம் தருபவர்களிடையேயும் ஒற்றுமை இல்லை. 2023 ஜூனில் தாய்லாந்து, இராணுவ அரசின் வெளியுறவு அமைச்சரை அழைத்துத் தனியே கூட்டம் நடத்தியது. இந்தோனேசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் அமைச்சர்களை அனுப்பவில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றினால் எவ்வளவு நேரம் நிற்கும்?

நாம் அறிய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, ஆசியான் அசைந்த பொழுதெல்லாம் பெரிதும் அதன் சொந்த மதிப்புக்கு ஆபத்து வந்த பொழுதாகவே இருந்தது. 2005-இல் மாநாட்டைப் பங்காளிகள் புறக்கணிப்பார்கள் என்ற அச்சமே வேகம் தந்தது. சிறையில் இருந்தவர்கள் அதற்கு முன்பும் சிறையில்தான் இருந்தனர்.

இரண்டாவது, நாற்காலியை மறுப்பது கூடத்தின் மானத்தைக் காக்கும், சிறைக்கதவைத் திறக்காது. அங்கீகாரத்துக்கு ஏங்கும் ஆட்சியிடம் அது பயன்படும். துப்பாக்கியை மட்டுமே நம்பும் ஆட்சியிடம் அதன் எடை மிகக் குறைவு. அதற்காக அதைப் பயனற்றது என ஒதுக்கவும் கூடாது. அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தால், ‘அண்டை நாடுகளே எங்களை ஏற்றுக் கொண்டன’ என்று இராணுவம் உலகுக்குச் சொல்லியிருக்கும்.

மூன்றாவது, உள்விவகாரம் உள்ளேயே நிற்பதில்லை. மலேசியாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிந்துள்ள மியன்மார் அகதிகள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். நம் நகர உணவகங்களிலும் கட்டுமான இடங்களிலும் பணிபுரிபவர்களில் அவர்களும் உள்ளனர். அகதிகளின் பிள்ளைகளுக்கு நம் அரசுப் பள்ளிகளில் இடமில்லை. 1998-இல் சுரின் சொன்னதை நாம் இன்று தெருவிலேயே காண்கிறோம்.

2025 அக்டோபரில் கோலாலம்பூரில் திமோர் லெஸ்தே ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடானது. 1975-இல் இந்தோனேசியா அந்நாட்டுக்குள் படை நடத்தியபோது ஆசியான் அண்டை நாடுகள் பெரும்பாலும் அதை உள்விவகாரமாகவே பார்த்தன. இருபத்து நான்கு ஆண்டுகள் அதன் மக்கள் அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தனர். ஆசியானில் சேர்வதற்கு முன்பே, 2023-இல், மியன்மாரின் ஜனநாயகத் தரப்பினரைச் சந்தித்ததற்காகத் திமோரின் தூதரக அதிகாரியை இராணுவ அரசு வெளியேற்றியது. வேலியின் மறுபக்கம் நின்று கத்தியவர்கள் இப்போது மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது மற்ற பத்து நாடுகளும் என்ன சொல்கின்றன என்பதை, தேர்வுக்காக அன்றி நமக்காக, நாம் கவனித்து வருவோம்.